ஏழாம் இடத்து அணி கோப்பையை வென்ற கதை: 2016ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஃபுட்டி சீசன்

2016 ஆகஸ்ட் மாதக் கடைசியில், ஆஸ்திரேலிய விதிக் கால்பந்துப் போட்டியின் வழக்கமான சுற்றுகளின் இறுதி ஆட்டத்தில், வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணி பெர்த் நகரில் ஃப்ரீமேண்டிலிடம் தோற்றது. ஃப்ரீமேண்டில் அந்த ஆண்டு முழுவதும் நான்கே ஆட்டங்களில் வென்ற அணி. அன்றைய கூட்டமும், ஓய்வு பெறவிருந்த அதன் நட்சத்திரம் மாத்யூ பாவ்லிச்சை வழியனுப்பத்தான் திரண்டிருந்தது. தோற்ற புல்டாக்ஸ் புள்ளிப் பட்டியலில் 7ஆம் இடத்தில் நின்றது. இறுதிச் சுற்றுகளின் முதல் ஆட்டத்துக்கு அவர்கள் பதினோரு நாட்கள் கழித்து அதே பெர்த்துக்கு, அதைவிடப் பல மடங்கு வலுவான வெஸ்ட் கோஸ்ட் அணியை எதிர்த்து, திரும்பி வரவேண்டியிருந்தது. அந்த வாரத்தில் இந்த அணிதான் கோப்பையை வெல்லும் என்று யாரேனும் சொல்லியிருந்தால், பக்கத்தில் நின்றவர்கள் சிரித்திருப்பார்கள். அக்டோபர் 1 மாலையில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 99,981 பேர் முன்னிலையில் கோப்பையை உயர்த்தியது அதே அணிதான்.

அன்று முதல் இந்த வெற்றி ‘தேவதைக் கதை’ என்றே பேசப்படுகிறது. அப்படிப் பேசுவதில் தவறில்லை. ஆனால் தேவதைக் கதை என்று சொல்லி நிறுத்திவிட்டால், அந்தச் சீசனில் உண்மையில் என்ன நடந்தது என்பது மறைந்துவிடுகிறது. வழக்கத்தைவிட நெருக்கமாக அமைந்த ஒரு புள்ளிப் பட்டியல், வேறொரு காரணத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு புதிய விதி, அந்த விதி தந்த இடைவெளியில் குணமடைந்த சில கால்கள், இறுதிச் சுற்றுகளின் நெரிசலுக்கே பொருந்திய ஒரு விளையாட்டு முறை ஆகிய நான்கும் ஒரே மாதத்தில் ஒன்றுகூடின. அதிர்ஷ்டமும் சேர்ந்தது என்பதை மறுக்க முடியாது.

இந்த விளையாட்டைப் பார்த்திராத வாசகர்களுக்குச் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை அந்நாட்டார் ‘ஃபுட்டி’ என்பார்கள். நீள்வட்ட மைதானத்தில், பெரும்பாலும் கிரிக்கெட் மைதானங்களிலேயே, அணிக்கு 18 பேர் வீதம் ஆடுகிறார்கள். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் கோல், அதற்கு 6 புள்ளிகள். பக்கவாட்டு இடைவெளியில் போனால் ‘பிஹைண்ட்’, அதற்கு 1 புள்ளி. ஆகவே 13.11 (89) என்று எழுதப்பட்டிருந்தால் 13 கோல், 11 பிஹைண்ட், மொத்தம் 89 என்று பொருள். பந்தைக் கையால் வீசக்கூடாது; உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். பின்னது ‘ஹேண்ட்பால்’. அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புல்டாக்ஸின் கதையில் அது முக்கியமானது.

2016இல் 18 அணிகள் ஆளுக்கு 22 ஆட்டங்கள் ஆடியபின் முதல் எட்டு அணிகள் இறுதிச் சுற்றுகளுக்குப் போயின. அந்த எட்டும் சமமாக நடத்தப்படவில்லை. முதல் நான்கு அணிகளுக்கு ஒருமுறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு இருந்தது. வென்றால் ஒரு வாரம் ஓய்வும் கிடைத்தது. 5 முதல் 8 வரை வந்த அணிகளுக்கோ முதல் வாரத்திலிருந்தே தோற்றால் வீடுதான். அவர்கள் கோப்பையைத் தொட நான்கு வாரங்கள் தொடர்ந்து வெல்ல வேண்டியிருந்தது, அதுவும் பெரும்பாலும் எதிரியின் ஊரில். இந்த ஏற்பாடு 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது முதல் 2015 வரை, முதல் நான்குக்கு வெளியே இருந்து ஓர் அணிகூடக் கோப்பையை வென்றதில்லை. ஏழாம் இடத்திலிருந்து வென்ற அணி இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதுவரை இருந்ததில்லை.

ஆனால் 2016இன் ஏழாம் இடம் மற்ற ஆண்டுகளின் ஏழாம் இடம் அல்ல. சிட்னி, ஜீலாங், ஹாத்தார்ன் மூன்றும் 17 வெற்றிகள் பெற்றிருந்தன. கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி, அடிலெய்டு, வெஸ்ட் கோஸ்ட் மூன்றும் 16. புல்டாக்ஸ் 15. அதாவது முதலிடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் இடையே இரண்டே இரண்டு வெற்றிகள். எட்டாம் இடத்து நார்த் மெல்பர்ன் மட்டும் 12 வெற்றிகளுடன் தனித்துக் கீழே நின்றது. இந்த அணி முதல் ஒன்பது ஆட்டங்களையும் வென்று சீசனைத் தொடங்கியது என்பது அந்த ஆண்டின் விசித்திரங்களில் ஒன்று. எட்டு அணிகளில் ஏழு ஏறத்தாழ ஒரே படியில் நின்றன என்பதைப் பார்க்காமல், ‘ஏழாவது’ என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் வியப்பு அளவுக்கு மீறிப்போகும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெற்றிகளின் எண்ணிக்கையில் நெருக்கம் இருந்தாலும், அடித்த புள்ளிகளில் புல்டாக்ஸ் அந்த எட்டு அணிகளிலேயே கடைசி. தற்காப்பால் வாழ்ந்த அணி அது. எதிரியைக் கட்டிப்போட்டு, குறைந்த வித்தியாசத்தில் வென்று மேலேறியது. ஜூலையில் சிட்னியை அதன் சொந்த மைதானத்திலேயே 4 புள்ளிகளில் வீழ்த்தியபோது, கடைசி நொடிகளில் வெற்றிக் கோலை அடித்தவர் காயத்திலிருந்து அன்றுதான் திரும்பியிருந்த ஜேசன் யோஹானிசன். அன்று அதை யாரும் முன்னோட்டம் என்று எண்ணவில்லை.

இந்த வெற்றிக்கு ஏன் இத்தனை கண்ணீர் என்று புரிய, மெல்பர்னின் மேற்குப் பகுதியைக் கொஞ்சம் அறிய வேண்டும். புல்டாக்ஸின் பழைய பெயர் ஃபுட்ஸ்கிரே. தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும், அலை அலையாக வந்து குடியேறிய மக்களும் நிறைந்த புறநகர் அது. 1925இல் பெரிய போட்டிக்குள் சேர்க்கப்பட்ட இந்த அணி, 1954இல் சார்லி சட்டனின் தலைமையில் மெல்பர்ன் அணியை 51 புள்ளிகளில் வீழ்த்தித் தன் முதல் கோப்பையை வென்றது. அதன் பிறகு 62 ஆண்டுகள் ஒன்றுமில்லை. 1961இல் ஒருமுறை இறுதி ஆட்டம் வரை போய் ஹாத்தார்னிடம் தோற்றது. 1985 முதல் 2010 வரை ஏழு முறை ‘முன்-இறுதி’ எனப்படும் ஆட்டம் வரை, அதாவது கோப்பைக்கு ஒரே ஒரு படி கீழே வரை, வந்து ஏழு முறையும் தோற்றது. அவற்றில் 1997இல் அடிலெய்டிடம் 2 புள்ளிகளில் தோற்ற ஆட்டத்தைப் பற்றி அந்த அணியின் முதிய ரசிகர்கள் இன்றும் பேச விரும்புவதில்லை.

தோல்விகளைவிடப் பெரிய காயம் 1989இல் நேர்ந்தது. கடனில் மூழ்கியிருந்த ஃபுட்ஸ்கிரேயை இன்னொரு பழைய அணியான ஃபிட்ஸ்ராயுடன் இணைத்துவிடப் போட்டி நிர்வாகம் முடிவு செய்து, அதை அறிவித்தும்விட்டது. பீட்டர் கோர்டன் என்ற இளம் வழக்கறிஞரின் தலைமையில் மேற்குப் புறநகர் மக்கள் எழுந்தார்கள். ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற சாதாரண உறுப்பினர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இணைப்பைத் தடுத்து நிறுத்த, அந்த இடைவெளியில் தெருத் தெருவாக உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்தார்கள். அணி பிழைத்தது. ஃபிட்ஸ்ராய்க்கு அந்த அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை. 1996இல் அது பிரிஸ்பேனுடன் இணைந்து தன் தனி வாழ்வை முடித்துக்கொண்டது. அதே ஆண்டின் இறுதியில் ஃபுட்ஸ்கிரே, மேற்கு முழுவதையும் தன் பின்னால் திரட்டும் நோக்கில், வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2016இல் கோப்பையை வென்றபோதும் அணியின் நிர்வாகத் தலைவராக இருந்தவர் அதே பீட்டர் கோர்டன்.

சீசனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2014 அக்டோபரில், இந்த அணி இன்னொரு முறை சிதறும் நிலைக்கு வந்தது. அணித்தலைவர் ரயன் கிரிஃபன் தன்னை வேறு அணிக்கு, அதுவும் புதிதாகத் தோன்றிய கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்கு, அனுப்பிவிடும்படி கேட்டார். அணித்தலைவர் ஒருவரே வெளியேறக் கேட்பது மிக அரிது. சில நாட்களில் பயிற்சியாளர் பிரெண்டன் மெக்கார்ட்னியும் பதவியிலிருந்து போனார். கிரிஃபனுக்கு மாற்றாக அதே கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியிடமிருந்து புல்டாக்ஸ் பெற்றது, 2013ஆம் ஆண்டு டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த, பத்தொன்பது வயதே ஆன, நெடிதுயர்ந்த டாம் பாய்டை. ஏழாண்டு ஒப்பந்தம், அதற்குப் பேசப்பட்ட தொகையோ பல மில்லியன் டாலர். ஒன்பதே ஆட்டங்கள் ஆடிய பையனுக்கு இவ்வளவா என்ற கேள்வி அன்று தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓயவில்லை. ஓரிரு ஆட்டங்களில் அவர் சரியாக ஆடாதபோதெல்லாம் அந்தத் தொகை செய்தித்தாள் தலைப்பில் மீண்டும் வந்து நின்றது.

நவம்பரில் புதிய பயிற்சியாளராக லூக் பெவரிட்ஜ் வந்தார். மூன்று அணிகளில் 118 ஆட்டங்கள் ஆடிய, நட்சத்திரம் என்று சொல்ல முடியாத முன்னாள் வீரர். ஆட்டத்தை விட்டபின் பணமோசடிகளைக் கண்காணிக்கும் அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் செயின்ட் பீட்ஸ் மென்டோன் என்ற உள்ளூர் அமெச்சூர் அணிக்குப் பயிற்சியளித்து, மூன்று ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு பிரிவுகளின் கோப்பைகளை அடுத்தடுத்து வென்று கொடுத்தார். பிறகு ஹாத்தார்னில் உதவிப் பயிற்சியாளர். பெரிய பெயர் இல்லாதவர் என்பதாலோ என்னவோ, வந்த முதல் ஆண்டிலேயே துணிந்து இளையோரைக் களமிறக்கினார். 2015இல் அணி ஆறாம் இடம் பிடித்து, முதல் இறுதிச் சுற்று ஆட்டத்தில் அடிலெய்டிடம் 7 புள்ளிகளில் தோற்றது.

பெவரிட்ஜ் கொண்டுவந்த முறையை ஒரு வரியில் சொன்னால், பந்து தரையில் கிடக்கும் இடத்தில் எதிரியைவிட ஓர் ஆள் அதிகமாக இருக்க வேண்டும் என்பதுதான். கூட்டத்துக்கு நடுவே ஒருவர் பந்தைப் பிடுங்கி, விழும்போதே பக்கத்தில் இருப்பவருக்கு ஹேண்ட்பால் கொடுப்பார், அவர் அடுத்தவருக்கு, மூன்றாமவர் திறந்த வெளியில் ஓடத் தொடங்கியிருப்பார். உயரமான முன்வரிசை வீரரை நோக்கி நீளமாக உதைக்கும் பழைய வழிக்கு நேர் எதிரானது இது. 168 செ.மீ. உயரமுள்ள கேலப் டேனியல், அந்தப் போட்டியிலேயே மிகக் குள்ளமான வீரர், இந்த முறையில் முக்கியமான ஆளாக ஆனது தற்செயல் அல்ல. இருபது வயது மார்கஸ் பான்டெம்பெல்லி நெரிசலுக்குள்ளிருந்து நிதானமாக வெளியே வரும் அழகுக்காகவே ஆட்டம் பார்க்க வந்தவர்கள் உண்டு. இந்த முறை வழக்கமான சுற்றுகளில் ஏராளமான கோல்களைத் தரவில்லை. ஆனால் இறுதிச் சுற்றுகளில் ஆட்டம் இறுகும், இடைவெளிகள் சுருங்கும், பந்து அடிக்கடி தரையில் கிடக்கும். எல்லா அணிகளும் அந்த நெரிசலுக்குள் தள்ளப்படும்போது, ஆண்டு முழுவதும் அங்கேயே குடியிருந்த அணிக்கு அது பழகிய வீடு.

காயங்களைப் பற்றிச் சொல்லாமல் 2016ஐச் சொல்ல முடியாது. மூன்றாம் சுற்றில், ஹாத்தார்னிடம் 3 புள்ளிகளில் தோற்ற ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், அணித்தலைவர் ராபர்ட் மர்ஃபியின் முழங்கால் தசைநார் அறுந்தது. 2000 முதல் இந்த ஓர் அணிக்கே ஆடி வந்த, மேற்குப் புறநகர்வாசிகள் தங்கள் வீட்டுப் பிள்ளையாகக் கருதிய மனிதர். அவருடைய சீசன் ஏப்ரலிலேயே முடிந்தது; தலைமைப் பொறுப்பை ஈஸ்டன் வுட் ஏற்றார். ஜூலையில் செயின்ட் கில்டாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் மிட்ச் வாலிஸின் கால் எலும்பு முறிந்தது, ஜேக் ரெட்பாத்தின் முழங்கால் போனது. ஜேக் மெக்ரே, டாம் லிபரடோரி இருவரும் காயத்தால் வெளியே உட்கார்ந்தார்கள். ஸ்டூவர்ட் கிரேமரி என்ற முன்வரிசை வீரரோ காயமே இல்லாமல் ஆண்டு முழுவதையும் இழந்தார். அவர் முன்பு எஸ்ஸெண்டனில் இருந்தவர். 2012இல் அந்த அணியில் நடந்த ஊக்கமருந்து விவகாரத்துக்காக, 2016 ஜனவரியில் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் தீர்ப்பாயம் 34 வீரர்களுக்குத் தடை விதித்தபோது அதில் அவரும் அடக்கம். எஸ்ஸெண்டன் தன் பன்னிரண்டு வீரர்களை இழந்து, மூன்றே வெற்றிகளுடன் பட்டியலின் அடியில் முடித்தது தனிக் கதை.

இத்தனை பேர் விழுந்தும் அணி நிமிர்ந்து நின்றதற்குக் காரணம் மாற்றாக இறங்க ஆட்கள் இருந்ததுதான். புல்டாக்ஸின் இரண்டாம் நிலை அணி, ஃபுட்ஸ்கிரே என்ற பழைய பெயரிலேயே ஆடுவது, அதே செப்டம்பரில் விக்டோரிய மாநிலக் கோப்பையை வென்றது. முதல் அணி தன் முன்-இறுதியை ஆடிய மறுநாளே அந்த வெற்றி வந்தது.

இப்போது அந்தப் புதிய விதிக்கு வருவோம். 2015இன் கடைசிச் சுற்றில், இறுதிச் சுற்றுகளில் இடம் உறுதியாகிவிட்ட ஃப்ரீமேண்டிலும் நார்த் மெல்பர்னும் தங்கள் முன்னணி வீரர்களைக் கூட்டமாக ஓய்வுக்கு அனுப்பிவிட்டு அரைகுறை அணிகளைக் களமிறக்கின. டிக்கெட் வாங்கியவர்களும் ஒளிபரப்பாளர்களும் கொதித்தார்கள். அதைத் தடுக்க, 2016 முதல் கடைசிச் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுகளுக்கும் இடையில் எல்லா அணிகளுக்கும் ஒரு வாரம் விடுப்பு என்று நிர்வாகம் விதி செய்தது. நோக்கம் அவ்வளவே. ஆனால் அதன் விளைவு வேறிடத்தில் போய் விழுந்தது. புல்டாக்ஸுக்கு அந்த ஒரு வாரத்தில் மெக்ரேயும் லிபரடோரியும் களத்துக்குத் திரும்பும் அளவுக்குத் தேறினார்கள். விடுப்பு இல்லாதிருந்தால் பெர்த்தில் ஆடியிருக்கக்கூடிய அணி வேறு.

விடுப்பின் இன்னொரு விளைவு மேலே இருந்த அணிகளைப் பாதித்தது. முதல் வாரத்தில் ஜீலாங், ஹாத்தார்னை 2 புள்ளிகளில் வென்றது. இறுதிச் சங்கு ஒலித்தபின் ஐசக் ஸ்மித் உதைத்த பந்து கோலைத் தவறியதால் தப்பிய வெற்றி. கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி, தன் ஊர் மூத்த அணியான சிட்னியை 36 புள்ளிகளில் வீழ்த்தியது. வென்ற இருவருக்கும் அடுத்த வாரம் வழக்கமான ஓய்வு. கணக்குப் பார்த்தால், முன்-இறுதிக்கு வந்தபோது அவர்கள் ஏறத்தாழ நான்கு வாரங்களில் ஒரே ஓர் ஆட்டம் ஆடியிருந்தார்கள். இருவருமே தோற்றார்கள், ஜீலாங் சிட்னியிடம் 37 புள்ளிகளில். பரிசாகக் கொடுத்த ஓய்வே தண்டனையாகிவிட்டது என்று அன்று பலர் எழுதினார்கள். எனக்கு அந்த வாதம் பாதிதான் சரியாகப் படுகிறது. மறு ஆண்டே, அதே விடுப்பு விதியின் கீழ், முதல் வாரம் வென்ற அடிலெய்டும் ரிச்மண்டும் முன்-இறுதிகளையும் எளிதாக வென்றன. விடுப்பு புல்டாக்ஸுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். உள்ளே நடந்து வந்தது அவர்கள் கால்கள்தான்.

பெர்த்தில் வெஸ்ட் கோஸ்ட் வெல்லும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. முந்தைய ஆண்டு இறுதி ஆட்டம் வரை போன அணி, சொந்த மைதானம், ஏறத்தாழ ஒரு கண்டத்தைத் தாண்டிப் பறந்து வந்த எதிரி. புல்டாக்ஸ் 99க்கு 52 என்று வென்றது. 47 புள்ளி வித்தியாசம் என்பது தற்செயலாகக் கிடைப்பதல்ல. நிக் நைட்டனூய் முழங்கால் காயத்தால் வெஸ்ட் கோஸ்டுக்கு ஆடவில்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் அது பெரிய வெற்றி. அடுத்த வெள்ளிக்கிழமை மெல்பர்னில் ஹாத்தார்ன். 2013, 2014, 2015 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை வென்ற அணி அது. ஏப்ரலில் மர்ஃபியின் முழங்கால் போன ஆட்டத்திலும் எதிரி அவர்கள்தான். முன்னிலையில் இருந்த ஹாத்தார்னை ஓடி மிஞ்சி, 107க்கு 84 என்று புல்டாக்ஸ் வென்றது. ஒரு சகாப்தத்தை முடித்துவைத்த பயிற்சியாளர், அதே சகாப்தத்தில் அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்.

மூன்றாம் வாரத்து முன்-இறுதிதான், என் கணிப்பில், அந்தச் சீசனின் மிகச் சிறந்த ஆட்டம். செப்டம்பர் 24, சிட்னியின் மேற்கே, இருபத்திரண்டாயிரம் பேர்கூட இல்லாத சிறிய மைதானம். 2012இல் போட்டிக்குள் வந்து, டிராஃப்டில் தாராளமான சலுகைகள் பெற்று, திறமைசாலிகளைக் குவித்து வைத்திருந்த கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி எதிரே. அந்த அணியின் பயிற்சியாளர் லியான் கேமரன் முன்னாள் புல்டாக்ஸ் வீரர். இணைத்தலைவர் காலன் வார்டு 2011வரை புல்டாக்ஸில் இருந்தவர். ரயன் கிரிஃபனும் அங்கேதான் நின்றார். இந்தப் பக்கம் டாம் பாய்டு. கோப்பைக்கு ஒரு படி கீழே ஏழு முறை தடுக்கி விழுந்த அணி, அதே படியில், தன்னை விட்டுப் போனவர்களையே எதிர்கொண்டது. மெல்பர்னிலிருந்து ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கார்களிலும் பேருந்துகளிலும் இரவோடு இரவாக வந்திருந்தார்கள். கிளே ஸ்மித் நான்கு கோல்கள் அடித்தார். மூன்று முறை முழங்கால் தசைநார் அறுந்து, ஆட்டமே முடிந்துவிடும் என்ற நிலையிலிருந்து மீண்டு வந்தவர் அவர். நான்காம் கால்பகுதியில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி இரண்டு கோல்களுக்கு மேல் முன்னே போனது. இதற்கு முன் ஏழு முறையும் இந்த இடத்தில்தான் கதை முடிந்தது. இம்முறை பான்டெம்பெல்லி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டார். இறுதி நிமிடங்களில் ஜேக் மெக்ரே, அந்த விடுப்பு வாரத்தில் குணமாகி வந்த அதே மெக்ரே, ஒரு கோல் அடித்தார். 89க்கு 83. ஆறு புள்ளிகள், அதாவது ஒரே ஒரு கோல்.

இறுதி ஆட்டத்தில் எதிரி, பட்டியலின் முதலிடத்துச் சிட்னி. முதல் பாதி முடிந்தபோது சிட்னி 2 புள்ளிகள் முன்னிலை. சிட்னியின் ஜாஷ் கென்னடி அன்று 3 கோல்களும், களத்தில் வேறு எவரையும்விட அதிகமான பந்துத் தொடுகைகளும் பெற்று, தனியாளாக அணியைத் தூக்கிப் பிடித்தார். ஆனால் அவர்களுடைய பெரிய ஆயுதமான லான்ஸ் ஃபிராங்க்ளின் தொடக்கத்திலேயே கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டு, முழு வலுவின்றியே ஓடினார். மூன்றாம் கால்பகுதி முடிவில் புல்டாக்ஸ் 8 புள்ளிகள் முன்னே. நான்காம் பகுதியில் சிட்னி நெருங்கியது. புல்டாக்ஸின் லியம் பிக்கன் கோலடித்து இடைவெளியைக் கூட்டினார். அந்த ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணம் அதன் பிறகு வந்தது. மைதானத்தின் நடுப்பகுதியில் பந்தை எடுத்துத் திரும்பிய ஃபிராங்க்ளினை, புல்டாக்ஸின் முப்பத்து மூன்று வயது டேல் மாரிஸ் பின்னாலிருந்து பிடித்து வீழ்த்தினார். சிதறிய பந்து டாம் பாய்டின் காலடிக்கு வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, ஏறத்தாழ அறுபது மீட்டர் தொலைவிலிருந்து உதைத்தார். பந்து தரையில் விழுந்து, யாருமற்ற கோல்முகத்தை நோக்கித் துள்ளித் துள்ளி உருண்டு உள்ளே போனது. இரண்டு ஆண்டுகளாகத் தன் சம்பளத்தால் மட்டுமே அறியப்பட்ட இருபத்தொரு வயது இளைஞனின் அன்றைய மூன்றாவது கோல் அது. 89க்கு 67, 22 புள்ளிகள். முன்-இறுதியிலும் இறுதியிலும் புல்டாக்ஸின் எண்ணிக்கை அச்சு மாறாமல் 13.11 (89) என்பதை எண் பித்தர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் 33 முறை பந்தைக் கையாண்ட யோஹானிசனுக்குப் போனது.

சிட்னி ரசிகர்களிடம் கேட்டால் அவர்கள் வேறொரு எண்ணைச் சொல்வார்கள்: 20க்கு 8. எதிரணியின் விதிமீறலுக்காக நடுவர்கள் புல்டாக்ஸுக்கு அளித்த ஃப்ரீ கிக்குகள் 20, சிட்னிக்கு 8. நான்காம் பகுதியில் ஈஸ்டன் வுட் சறுக்கி வந்து மோதியதில் டேன் ஹன்னெபெரியின் முழங்கால் பாதிக்கப்பட்டு அவர் வெளியேறியபோதும் ஃப்ரீ கிக் தரப்படவில்லை. இந்தக் குறையை வெற்றியாளர்கள் சொல்வதுபோல் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இறுதி ஆட்டத்தில் 12 வித்தியாசம் என்பது பெரியதுதான். பந்தை முதலில் சென்றடையும் அணிக்கு ஃப்ரீ கிக்குகள் கூடுதலாகக் கிடைப்பது இந்த விளையாட்டின் இயல்பு என்பது உண்மை. அன்று பந்தை முதலில் சென்றடைந்தது பெரும்பாலும் புல்டாக்ஸ் என்பதும் உண்மை. ஆனால் அது அந்த 12 முழுவதையும் விளக்கிவிடும் என்று நான் நினைக்கவில்லை. 22 புள்ளி வித்தியாசத்தை அது மாற்றியிருக்குமா என்றால், மாற்றியிருக்காது என்பதே என் எண்ணம். கடைசிக் கால்பகுதியில் சிட்னியின் கால்கள் தளர்ந்துவிட்டன.

கோப்பை வழங்கும் மேடையில், பயிற்சியாளருக்குரிய ஜாக் மெக்ஹேல் பதக்கம் பெவரிட்ஜின் கழுத்தில் விழுந்தது. அவர் அதைக் கழற்றினார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஆட முடியாமல் கீழே நின்றிருந்த மர்ஃபியை மேடைக்கு அழைத்து அவர் கழுத்தில் போட்டார். பிறகு ஈஸ்டன் வுட்டும் மர்ஃபியும் சேர்ந்தே கோப்பையைத் தூக்கினார்கள். அந்தப் பதக்கத்தை மர்ஃபி தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் பின்னர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறு ஆண்டு, 2017இல், புல்டாக்ஸ் 11 ஆட்டங்கள் மட்டுமே வென்று பத்தாம் இடத்தில் முடித்து, இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. அதைச் சுட்டிக்காட்டி, 2016 வெறும் மின்னல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மின்னல் என்றே வைத்துக்கொண்டாலும், நான்கு வாரங்கள், மூன்று நகரங்கள், தன்னைவிட மேலே முடித்த நான்கு அணிகள் என்று தொடர்ந்து அடித்த மின்னல் அது. மர்ஃபி அந்த 2017இன் முடிவில் ஓய்வு பெற்றார். டாம் பாய்டு மன அழுத்தத்தோடு போராடி வந்ததை வெளிப்படையாகப் பேசினார். 2019 மே மாதம், 23 வயதில், ஆட்டத்தையே விட்டு விலகினார். ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மிச்சமிருந்தது. முதல் நான்குக்கு வெளியே இருந்து கோப்பை வென்ற இரண்டாவது அணி 2024இல் தான் வந்தது: ஐந்தாம் இடத்திலிருந்து எழுந்த பிரிஸ்பேன் லயன்ஸ், 1996இல் ஃபிட்ஸ்ராயைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட அணி. அன்றும் இறுதி ஆட்டத்தில் தோற்றது சிட்னிதான்.